இரும்பா, நல்ல பொருளா? மெட்டல் டிடெக்டர் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா மணலில் டிடெக்டரோடு நடந்தால், மெதுவோட்டம் ஓடுகிறவர்களில் நாலு பேராவது நின்று பேசுவார்கள். "என்ன தம்பி, தங்கம் கிடைச்சுதா?" என்று ஆரம்பிக்கும். அவர்களில் ஒருவர் தானும் ஒரு கருவி வாங்குவார். மறுவாரமே குரல் செய்தி வரும்: "அண்ணே, எல்லாம் ஆணியா வருது." அப்புறம் அதே பதிலை நான் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலை ஒரே இடத்தில் வைத்துவிட்டேன். எண் போட்டிருக்கிறேன், ஒரு பதிலிலிருந்து இன்னொன்றுக்குப் போக வசதியாக இருக்கும்.

1. "இந்த மெஷின் தங்கம், இரும்புன்னு பேரைச் சொல்லிக் காட்டாதா?"

விளம்பரத்தில் சொல்லும், மணலில் சொல்லாது. கருவியின் அடியில் தட்டு போல இருக்கும் கம்பிச்சுருளான காயிலிலிருந்து ஏறி இறங்கும் காந்தப் புலம் ஒன்று மண்ணுக்குள் போகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அது தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதில் எவ்வளவு பலமாக வருகிறது, எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. உலோகத்தின் பெயர் அதற்குத் தெரியாது.

வெள்ளி, செம்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருளில் அந்த மின்னோட்டம் லேசில் அடங்காது, பதில் அதிகம் பிந்தும். மெல்லிய அலுமினியத் தாளில் உடனே அடங்கிவிடும். இரும்புக்கு இன்னொரு குணம் உண்டு. மின்னோட்டம் கிளம்புவதோடு, அதுவே காந்தமாகவும் மாறுகிறது. ஆக இரும்பிலிருந்து இரண்டு பதில் வருகிறது. காந்தப் பதில் ஓங்கினால் கருவி இரும்பு என்று உறுமும். சுழல் மின்னோட்டம் ஓங்கினால் அதே இரும்பு காசு மாதிரி நடிக்கும். இந்த இழுபறி புரிந்துவிட்டால் கீழே உள்ளதில் பாதி உங்களுக்கே விளங்கிவிடும்.

2. "அப்ப ஸ்கிரீன்ல வர்ற நம்பர் எதுக்கு?"

அந்தப் பிந்தலைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அளவுகோல். உதாரணத்துக்கு, மைன்லாப் ஈக்வினாக்ஸ் 600, 800 இரண்டிலும் -9 முதல் 40 வரை. பூஜ்யமும் அதற்குக் கீழும் இரும்புப் பக்கம், 1 முதல் மேலே மற்ற உலோகங்கள். உங்களிடம் வேறு கருவி இருந்தால் என் எண்ணை வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எண் உலோகத்தைப் பொறுத்தது மட்டுமல்ல. அளவு, கனம், வடிவம், எவ்வளவு ஆழத்தில் எந்தக் கோணத்தில் கிடக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஓர் எண் வருகிறது. ஆழம் போகப் போக நல்ல காசின் எண்ணும் தள்ளாடும். அதனால் நான் எண் என்ன என்று பார்ப்பதற்கு முன், எண் நிற்கிறதா என்று பார்ப்பேன். ஆறு முறை ஆட்டினால் ஆறு முறையும் 21, 22, 21 என்று வருகிற பொருள் வேறு. 14, 30, -3, 35 என்று தாவுகிற பொருள் வேறு.

3. "இரும்பு எப்படித்தான் சத்தம் போடும்?"

சுத்தமான இரும்பு, அதாவது சின்ன ஆணி, கம்பித் துண்டு போன்றவை, தாழ்ந்த குரலில் உறுமும். சிரமமே இல்லை. தொந்தரவு தருவது பாதி உறுமல், பாதி கீச்சு. ஆரம்பத்திலோ முடிவிலோ சத்தம் கிழிந்த மாதிரி இருக்கும். நல்ல பொருளின் சத்தம் உருண்டையாக எழும்பி உருண்டையாக அடங்கும், இரண்டு பக்கமிருந்து ஆட்டினாலும் ஒரே மாதிரி. ஹெட்ஃபோன் இல்லாமல் இந்த வித்தியாசம் கேட்காது. கடல் இரைச்சலும், தலைக்கு மேல் சாங்கியில் இறங்கும் விமானமும் அதற்கு விடாது.

4. "இரும்பை மொத்தமா அடைச்சு வச்சுட்டா வேலை முடிஞ்சுதே?"

புதிதாக வாங்கியவர் எல்லாரும் முதலில் செய்வது இதுதான், நானும் செய்தேன். இப்படி இரும்பின் சத்தத்தை அடைக்கும் வடிகட்டல் போட்டதால் கருவி இரும்பைப் பார்ப்பதை நிறுத்துவதில்லை. உங்களுக்குச் சொல்வதை மட்டும் நிறுத்துகிறது. ஆணிக்குப் பக்கத்திலேயே ஒரு மோதிரம் கிடந்தால், ஆணிக்காக வாயை மூடிய கருவி மோதிரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

நான் உறுமலை மிகக் குறைந்த ஒலியில் கேட்கும்படி வைத்திருக்கிறேன். தோண்டுவதற்கு அல்ல. இந்த இடத்தில் இரும்பு எவ்வளவு அடர்த்தியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே நடையைக் குறைப்பது என்று தெரியும். பார்பிகியூ அடுப்புகளைச் சுற்றி உறுமல் மழை போலக் கொட்டும். கூடாரம் அடித்த ஆணி, கிரில் வலையின் கம்பி, டின் மூடி என்று எல்லாம் அங்கேதான். இரும்பை அடைக்காததற்குச் சிங்கப்பூரில் இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது. அது அடுத்த கேள்வி.

5. "நம்ம ஊர்க் காசே இரும்புன்னு சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம்தான். 2013 ஜூனில் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயங்கள் பல அடுக்கு முலாம் பூசிய எஃகு. எஸ்பிளனேட் படம் போட்ட 5 காசு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் போட்ட 10 காசு, சாங்கி விமான நிலையம் போட்ட 20 காசு, துறைமுகம் போட்ட 50 காசு, மெர்லயன் போட்ட இருநிற 1 வெள்ளி. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து இவற்றின் மேல் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வரும். 1985இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில் 10, 20, 50 காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை, 1 வெள்ளி அலுமினிய வெண்கலம். அவற்றைக் காந்தம் சட்டை செய்யாது.

இதனால் என்ன ஆகிறது? வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இரும்பை அடைத்துவிட்டு நடக்கிறவர், நேற்று யாரோ தவறவிட்ட புதுக் காசுகளையும் சேர்த்துத்தான் அடைக்கிறார். எஃகுக் காசு பெரும்பாலும் ஓர் எண்ணில் நிற்காது. உள்ளே எஃகு ஒரு பக்கம் இழுக்க, மேலே உள்ள முலாம் இன்னொரு பக்கம் இழுக்கும். கருவிக்குக் கருவி பதில் மாறும். சிலது இரும்பென்றே ஒதுக்கிவிடும். இந்தக் கதை 2013க்கு முன்பும் கொஞ்சம் உண்டு. முதல் வரிசையின் 1 காசு ஆரம்பத்தில் வெண்கலமாக இருந்தது, எழுபதுகளின் நடுவில் செம்பு போர்த்திய எஃகாக மாறியது. ஒரே படம், ஒரே அளவு, ஆனால் கருவியில் இரண்டு வேறு பொருள்.

புதுக் காசைத் துரத்துவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். நான் துரத்துவதில்லை. 50 காசுக்காக அரை மணி நேரம் குனிந்தால் முதுகு கேட்கும் வாடகை அதைவிட அதிகம். ஆனால் அடைக்கிறோம் என்று தெரிந்து அடைப்பது வேறு, தெரியாமல் அடைப்பது வேறு. இன்னொன்று, இந்தப் பக்கத்தில் "வெள்ளி" என்று எங்கே எழுதினாலும் உலோகமா டாலரா என்று ஒரு கணம் நின்று படியுங்கள். நம் ஊர்த் தமிழில் இந்தத் தொல்லை தீராது.

6. "வீட்டிலேயே காசை வச்சுச் சோதிச்சுப் பார்க்கலாமா?"

பார்க்கலாம், தரையில் வேண்டாம். வீவக வீட்டுத் தரைக்குள் முழுக்க இரும்புக் கம்பி. கூடத்தில் காசைப் போட்டு ஆட்டினால் கட்டடத்தைத்தான் சோதிக்கிறீர்கள். அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கிலும் இதே கதை. கருவியைப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் மல்லாத்தி வையுங்கள், காயில் மேலே பார்க்கட்டும். தொலைக்காட்சி, வைஃபை பெட்டி, இண்டக்ஷன் அடுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உணர்திறனைப் பாதியாகக் குறைத்து, காசைக் கையில் பிடித்துக் காயிலுக்கு மேலே குறுக்கே வீசுங்கள். கையில் வளையல், மோதிரம், கடிகாரம் இருக்கக் கூடாது.

நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு வரிசைக் காசுக்கும் எண், பீர் மூடிக்கு எண், மனைவியின் 916 மோதிரத்துக்கு எண், குளிர்பான டின்னைத் திறக்க இழுக்கும் வளையத்துக்கு எண். ஒரு மணி நேர வேலை. ஒரு வருடம் தோண்டிக் கற்கிற விஷயத்தில் கால்வாசி அந்த ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

7. "கோயில் மணி மாதிரி கேட்குது, தோண்டினா சோடா மூடி! ஏன் இப்படி ஏமாத்துது?"

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பல் வைத்த அந்த மூடி எஃகுத் தகடு. தட்டையாக, வட்டமாக, காசு அளவில் இருக்கிறது. தட்டையான வட்டத்தில் சுழல் மின்னோட்டத்துக்கு ஓட நல்ல பாதை கிடைத்துவிடும். 1ஆம் பதிலில் சொன்ன இழுபறியில் காந்தப் பதில் தோற்று மின்னோட்டம் ஜெயிக்கிறது. அதே எடையுள்ள ஆணியில் அந்தப் பாதை கிடையாது, அதனால் அது உண்மையைச் சொல்லிவிடுகிறது. வாஷர், டின் மூடி, தட்டையாக நசுங்கிய எந்த இரும்பும் மூடியின் கட்சிதான்.

துரு ஏறியது இன்னும் மோசம். உப்பு மணலில் பல மாதம் கிடந்த மூடியைச் சுற்றியுள்ள மணலே பழுப்பாகிக் கட்டியாகிவிடும். தோண்டும்போது உள்ளங்கை அளவு கட்டி ஒன்று வரும், உடைத்தால் நடுவில் மூடி. எடுத்துவிட்ட பிறகும் குழி லேசாக முனகினால் அது அந்தத் துரு மணல்தான். இன்னொரு பொருள் இருக்கிறது என்று முழங்கை வரை தோண்டாதீர்கள்.

8. "தோண்டாமலே மூடின்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?"

உறுதியாக முடியாது. பத்தில் ஏழெட்டு முறை முடியும். நான் முதலில் செய்வது காயிலைத் தூக்குவது. சத்தம் வந்த இடத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டே ஒரு சாண் அளவுக்கு மெதுவாகத் தூக்குங்கள். காசு என்றால் அதே குரலில் மெலிந்து மெலிந்து மறையும். மூடி என்றால் வழியில் குரல் உடையும், கீச்சு போய் உறுமல் தலைகாட்டும்.

அதிலும் சந்தேகம் தீராவிட்டால் காயிலைக் குட்டையாக, வேகமாக ஆட்டிக்கொண்டே உங்கள் பக்கம் பின்னுக்கு இழுங்கள். காயிலின் முனை அந்தப் பொருளை விட்டு விலகும் அந்தக் கடைசி நொடியைக் கேளுங்கள். நல்ல பொருள் சட்டென்று நிற்கும். மூடி விலகும்போது ஒரு உறுமல் விட்டுப் போகும், காரியம் கெட்டவன் வாசலில் நின்று திட்டுவது போல. இப்போது வரும் கருவிகளில் பெரும்பாலும் டிடி வகைக் காயில்தான், D எழுத்து வடிவச் சுருள் இரண்டு சேர்ந்தது. அதன் ஓரத்தில்தான் மூடியின் சாயம் அதிகம் வெளுக்கும். வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள் இருக்கும் பழைய கான்சென்ட்ரிக் காயில் வைத்திருப்பவர்களுக்கு மூடித் தொல்லை கொஞ்சம் குறைவு.

கடைசியாக வடிகட்டலை முழுக்கத் திறந்து ஒரு முறை கேளுங்கள். மூடிய காதுக்குக் காசாகக் கேட்டது திறந்த காதுக்கு இரும்பாகக் கேட்கும்.

9. "ஆணியும் சில நேரம் நல்ல சத்தம் போடுதே?"

நீளமான இரும்பை அதன் நீளவாக்கில் கடந்தால் இரண்டு முனையிலும் கீச்சுக் கீச்சென்று இரட்டைச் சத்தம் வரும். ஒரே இடத்தில் நின்று ஆட்டினால் தெரியாது. பொருளை நடுவில் வைத்து நீங்கள் கால்வட்டம் சுற்றிப் போய், குறுக்கிலிருந்து ஆட்டுங்கள். காசு எந்தப் பக்கமிருந்தும் காசு. ஆணி ஒரு பக்கம் காசு, மறு பக்கம் உறுமல்.

இன்னொரு அடையாளம், இடம் மாறுவது. ஆட்டும்போது சத்தம் இங்கே கேட்கும், பொருள் சரியாக எங்கே என்று காட்டும் பின்பாயிண்ட் பொத்தானை அழுத்தினால் நாலு விரல் தள்ளிக் காட்டும். அப்படி இடம் பெயர்ந்தால் பெரும்பாலும் இரும்பு. ஒரு பக்கம் காசு, மறு பக்கம் உறுமல் என்றால் ஆணி என்ற விதிக்கு விலக்கு உண்டு, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

10. "அயர்ன் பயஸ்னு ஒரு செட்டிங் இருக்கே, எவ்வளவு வைக்கணும்?"

ஒரே சமயத்தில் பல அலைவரிசையில் பார்க்கும் கருவிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அலைவரிசை மாறும்போது இரும்பின் பதில் மாறுகிற விதம் மற்ற உலோகங்களின் விதத்திலிருந்து வேறுபடும், அதை வைத்துச் சந்தேகக் கேஸ்களைப் பிரிக்கும். அயர்ன் பயஸ் என்பது அந்தச் சந்தேகத்தின் பலனை யாருக்குத் தருவது என்ற முடிவு. கூட்டினால் சந்தேகமானதெல்லாம் இரும்பு, குறைத்தால் சந்தேகமானதெல்லாம் நல்ல பொருள்.

மூடி மலிந்த பார்பிகியூ பகுதியில் கூட்டி வைப்பேன். ஆணி அடர்ந்த பழைய இடத்தில் குறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் ஆணியோடு ஒட்டிக் கிடக்கும் காசும் இரும்புக் கணக்கில் போய்விடும். புதுக் காசு வேண்டுமென்றாலும் குறைக்கத்தான் வேண்டும் (5ஐப் பாருங்கள்).

11. "ஈர மணலுக்குப் போனா மெஷின் பைத்தியம் பிடிச்ச மாதிரி கத்துது. அதுவும் இரும்பா?"

இல்லை, உப்பு. கடல்நீர் மின்சாரம் கடத்தும், கருவிக்கு அதுவும் ஒரு மெல்லிய உலோகத் தாள் மாதிரி. ஒற்றை அலைவரிசைக் கருவிகள் இங்கே தடுமாறும். பல அலைவரிசைக் கருவியில் கடற்கரைப் பயன்முறைக்கு மாற்றி, ஈர மணலிலேயே கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சொந்தச் சத்தத்தைக் கருவி கழித்துவிடும்படி சரிசெய்வது) செய்து, உணர்திறனை இரண்டு மூன்று படி குறைத்தால் அடங்கிவிடும். ஒற்றை அலைவரிசை வைத்திருப்பவர்கள் காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காயிலை அலை வந்து தொடும் எல்லையில் பாதி ஈர மணல், பாதி காய்ந்த மணல் என்று ஆட்டாதீர்கள். கரைக்கு இணையாக ஆட்டுங்கள்.

12. "பல்ஸ் இண்டக்‌ஷன் வாங்கினா உப்புப் பிரச்சினையே இல்லையாமே?"

காந்தப் புலத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பும் வகைக் கருவி அது. உப்புக்குப் பயப்படாது, ஆழமும் போகும். ஆனால் இரும்பைப் பிரிக்க அதை நம்ப முடியாது. நம் கடற்கரையில் இருக்கும் குப்பைக்கு அது தண்டனை. முதல் கருவியாக வேண்டாம்.

13. "தாலிச் செயின் மணலில் விழுந்துடுச்சு. மெஷின் ஏன் கண்டுபிடிக்கல?"

சங்கிலி என்பது நமக்கு ஒரு பொருள், கருவிக்கு நூறு சின்ன வளையம். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை லேசாகத்தான் தொடுகிறது, மின்னோட்டம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சரியாகத் தாண்டாது. ஆகவே ஐந்து பவுன் சங்கிலியும் ஒற்றைக் கண்ணி அளவுக்குத்தான் சத்தம் போடும். எண் மிகக் கீழே, இரும்புக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவில் விழும். இரும்பை அடைத்து வைத்திருந்தால் போச்சு. கொலுசு, அரைஞாண் கொடி எல்லாம் இதே ரகம். வெள்ளியில் செய்ததாயிற்றே, எண் உச்சியில் வருமே என்று காத்திருக்காதீர்கள்.

பாசிர் ரிஸ் கடற்கரையில் ஒரு குடும்பத்துக்காக ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அக்கா அழுதுகொண்டே பாய் விரித்திருந்த இடத்தைக் காட்டினார். இரண்டு முறை முழுக்க நடந்தும் மூடிகள்தான். மூன்றாவது முறை வடிகட்டலை எல்லாம் திறந்து, உணர்திறனை ஏற்றி, ஆமை வேகத்தில் நடந்தேன். மெல்லிய, ஆனால் நிலையான ஒரு கீச்சு. கைப்பிடி மணலை அள்ளி விரலால் சலித்தால் முதலில் வந்தது திருமாங்கல்யம், அதன் பின்னால் மணலிலிருந்து உருவிக்கொண்டு சங்கிலி. கருவி கேட்டது சங்கிலியை அல்ல, கெட்டியாக இருந்த அந்தத் தாலியை. அதிலிருந்து சங்கிலி தேடப் போனால் முதல் கேள்வியாக "டாலர் (பதக்கம்) உண்டா, கொக்கி எந்த வகை?" என்றுதான் கேட்கிறேன்.

14. "டின் வளையமும் தங்க மோதிரமும் ஒரே நம்பர் காட்டுமாமே?"

காட்டும். அலுமினியம் நல்ல கடத்தி, ஆனால் வளையம் மெல்லியது. தங்கமும் நல்ல கடத்திதான், ஆனால் செம்பும் வெள்ளியும் கலந்து நகையாகும்போது கடத்தும் திறன் குறைந்துவிடும். இரண்டும் அளவுகோலின் கீழ்-நடுப் பகுதியில் வந்து உட்காரும். செம்பு நிக்கல் கலந்த இரண்டாம் வரிசைக் காசுகளும் அக்கம்பக்கத்தில்தான். நம் ஆட்கள் போடும் 916 தங்கம் 18 காரட்டைவிடக் கொஞ்சம் மேலே காட்டும், அவ்வளவே. இங்கே எந்த வித்தையும் கிடையாது: தங்கம் வேண்டுமென்றால் வளையத்தையும் தோண்ட வேண்டும். முழு டின் என்றால் பிரச்சினை இல்லை, காயிலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாலும் கத்தும்.

15. "எவர்சில்வர் இரும்புதானே? அப்ப உறுமணுமே?"

பாத்திரம், கடிகார வார் செய்யும் எவர்சில்வர் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாத வகை. மின்சாரத்தையும் மோசமாகத்தான் கடத்தும். அதனால் உறுமாமல் கீழ்ப் பகுதியில் நல்ல பொருள் போல நிற்கும். டீக்கரண்டி ஒன்றை நான் மோதிரம் என்று நினைத்து எடுத்திருக்கிறேன்.

16. "பழைய காசு ஈஸ்ட் கோஸ்டில் கிடைக்குமா, சாங்கியிலா?"

ஈஸ்ட் கோஸ்ட் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். 1966இல் ஆரம்பித்த வேலை. பிடோக், சிக்லாப் மேடுகளை வெட்டி அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அங்கே எழுபதுகளுக்கு முந்தைய காசு கிடைத்தால் அதிர்ஷ்டம். குப்பையும் அதே வயதுக் குப்பை: மூடி, டின், கூடார ஆணி. சாங்கிக் கடற்கரையின் பழைய பகுதியில் கம்பம் (கிராமம்) இருந்த காலத்துப் பொருள்கள் வரும். படகு ஆணி, தூண்டில் ஈயக் குண்டு, அபூர்வமாகச் சதுரக் காசு. பிரிட்டிஷ் காலத்து 1 காசு நாலு மூலையும் மழுங்கிய சதுரமாக இருந்தது, வெண்கலம். எண் உயரமாக, அசையாமல் நிற்கும்.

ஈயக் குண்டு பற்றி ஒரு வார்த்தை. அது இரும்பல்ல, சத்தமும் அருமையாக இருக்கும். மீன் பிடிக்கும் படித்துறைகளின் பக்கம் பத்துக் குண்டு எடுத்தால்தான் ஒரு காசு.

17. "தோட்டத்துச் செம்மண்ணில் சும்மா சும்மா சத்தம் வருது, தோண்டினா ஒண்ணுமில்ல."

செம்மண்ணின் சிவப்பே இரும்பின் துருதான். அதிலும் சரளைக் கற்கள் சில அதிக இரும்போடு இருக்கும், கருவி அவற்றைப் பொருளென்று நினைக்கும். அந்த மண்ணிலேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்துகொள்ளுங்கள். தோண்டிய கல்லைக் காயில் முன் காட்டிச் சோதியுங்கள்.

18. "பின்பாயிண்டர் வாங்கினா இரும்பு தெரிஞ்சிடுமா?"

குழிக்குள் நீட்டித் தேடும் அந்தச் சின்னக் கைக்கருவி எங்கே என்று சொல்லும், என்ன என்று பெரும்பாலானவை சொல்லாது. அந்தப் பணத்தில் ஒரு வலுவான காந்தம் வாங்கி மணல் அள்ளும் கரண்டியில் கட்டித் தொங்க விடுங்கள். துருக்கட்டியைச் சட்டென்று அது பிடித்துவிடும்.

19. "பெரிய இரும்பு மாதிரி கேட்குது, ஆழத்துல இருக்கு. தோண்டட்டுமா?"

வேண்டாம். மிகப் பெரிய இரும்பு சில கருவிகளில் அளவுகோலின் உச்சிக்கே தாவி வெள்ளிக்கட்டி மாதிரி காட்டும், ஆசை வரும். இந்த ஊர் போர் பார்த்த ஊர். 2019 நவம்பரில் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் 50 கிலோ வெடிகுண்டு ஒன்றும், 2023 செப்டம்பரில் புக்கிட் பாஞ்சாங்கில் 100 கிலோ வெடிகுண்டு ஒன்றும் கட்டுமான இடங்களில் கிடைத்தன. இரண்டாவதைச் செயலிழக்கச் செய்ய நாலாயிரம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரின் மிச்சம்.

நீள் உருளையாக, ஒரு முனை கூம்பி, துருக்கட்டியாக ஏதாவது தென்பட்டால் தட்டிப் பார்க்காதீர்கள், தூக்காதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். நின்ற வழியே பின்வாங்கி 999ஐ அழையுங்கள். மிச்சத்தை ராணுவத்தின் வெடிபொருள் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

20. "எங்க வேணும்னாலும் தோண்டலாமா? கிடைச்சது நமக்குத்தானே?"

இரண்டுக்கும் இல்லை. பூங்காக்களும் அவற்றின் கடற்கரைகளும் பெரும்பாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புல்தரையை நான் தொடுவதே இல்லை. மணலில் போட்ட குழியை உடனே மூடிவிடுவேன், எடுத்த துருவும் மூடியும் என் பையில் வீட்டுக்கு வரும். சாங்கியில் 1942 பிப்ரவரி 20 அன்று 66 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்லும் நினைவுப் பலகை இருக்கிறது. அந்தப் பக்கம் கருவியை இயக்க எனக்கு மனம் வரவில்லை. ஈமச் சடங்கு முடித்துக் கடலில் விட்ட காசு, சொம்பு கரை ஒதுங்கினாலும் அப்படியே விட்டுவிடுவேன்.

அடையாளம் உள்ள நகை, பணப்பை போன்றவற்றைப் போலீசில் ஒப்படையுங்கள். சொந்தக்காரரைத் தேடாமல் எடுத்து வைத்துக்கொள்வது தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் குற்றமாகலாம்.

21. "ஒரு பக்கம் உறுமுது, மறு பக்கம் கீச்சுன்னு நல்லா கேட்குது. உங்க கணக்குப்படி ஆணிதானே, விட்டுடவா?"

9ஆம் பதில்படி விட்டுவிட வேண்டும். ஆனால் காசும் ஆணியும் ஒட்டிக் கிடந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும். இரண்டையும் பிரிக்க நான் பார்ப்பது, அந்த நல்ல பக்கத்துக் கீச்சு எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதைத்தான். தனி ஆணியின் கீச்சு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எண்ணை மாற்றும், இடத்தையும் மாற்றும். அடியில் காசு இருந்தால் அந்த ஒரு கோணத்தில் மட்டும் எண் பிடிவாதமாக ஒரே இடத்தில் வரும். சின்னக் காயில் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், ஆணியையும் காசையும் தனித்தனியாகப் பார்க்க இடம் கிடைக்கும். மீட்பு வேகத்தை, அதாவது ஒன்றைக் கேட்ட பின் அடுத்ததைக் கேட்கக் கருவி தயாராகும் வேகத்தைக் கூட்டி, காயிலைச் சாண் அகலத்துக்கு மேல் ஆட்டாதீர்கள். அதிலும் பிரியாவிட்டால் ஆணியை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள்.

சாங்கியில் ஒரு முறை அப்படி ஒரு சத்தத்தை மூன்று முறை கடந்து போனேன், மூன்று முறையும் ஆணி என்று எனக்கே சொல்லிக்கொண்டு. நாலாவது முறை கிழக்கு மேற்காக ஆட்டியபோது எண் நகரவே இல்லை. ஒரு கரண்டி ஆழத்தில் இரண்டு படகு ஆணிகள் குறுக்கே ஒட்டி ஒரே துருக்கட்டியாக வந்தன. சரி, வழக்கம் போல என்று பையில் போட்டேன். குழியை மூடும் முன் பழக்க தோஷத்தில் பையையும் காயில் மேலே ஒரு முறை வீசினேன், பை கீச்சென்றது. வீட்டில் கட்டியைச் சுத்தியால் மெதுவாகத் தட்டி உடைத்தால் இரண்டு ஆணிக்கும் நடுவில் ஒரு சதுரக் காசு. ஆணி தொட்ட பக்கம் கன்னங்கரேல். மறு பக்கத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மூக்கு மட்டும் தேய்ந்திருந்தது.